ஜெனரேட்டர் ஓடும்போது நம்ம எர்த் வேலை செய்யுதா?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தென்புறம் முழுக்கத் தண்ணீர். பாதுகாப்புக்காகப் பல இடங்களில் கரண்டை நிறுத்தினார்கள். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பக்கம் சில தெருக்களுக்கு அது திரும்ப வரவே நாட்கள் ஆனது. அந்த வாரம் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ரெண்டு சத்தம் மறக்காது: தண்ணீர் இறைக்கிற பம்ப், அப்புறம் ஜெனரேட்டர். அப்பார்ட்மெண்ட்டில் பெரிய டீசல் செட். தனி வீடுகளில் வாடகைக்கு எடுத்த சின்ன பெட்ரோல் செட். செல்போன் சார்ஜ் ஏறியது, மோட்டார் ஓடியது, எல்லோருக்கும் நிம்மதி.

ஒரு கேள்வி மட்டும் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் தேங்கின தரையில், ஈரக் கையோடு, ஒரு ஜெனரேட்டரில் ஓடுகிற மோட்டாரைத் தொடுகிறோம். அந்த மோட்டாரில் லீக்கேஜ் இருந்தால் சப்ளை கட் ஆகுமா? "எர்த் குழி இருக்கே, அப்புறம் என்ன?" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் ஏன் போதாது என்பதுதான் இந்தக் கட்டுரை. இ.இ.இ. படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஓம் விதி தெரிந்தால் போதும்.

கரண்ட் மண்ணுக்குள் போய் மறைவதில்லை

ஸ்கூலில் நம்ம மனசில் பதிந்த படம் இது: லீக்கான கரண்ட் எர்த் வயர் வழியாக பூமிக்குள் போய்விடும், பூமி அதை விழுங்கிவிடும். இது தப்பு. கரண்ட் எந்த சோர்ஸிலிருந்து கிளம்பியதோ அந்த சோர்ஸுக்கே திரும்பி வர வேண்டும். வழி முழுமையாக இருந்தால் பாயும். இல்லாவிட்டால் பாயாது. மண் அந்த வழியில் வரும் ஒரு கம்பி மாதிரி, அதுவும் கொஞ்சம் மோசமான கம்பி. அது குப்பைத் தொட்டி கிடையாது.

இ.பி. சப்ளையில் அந்த வழி எங்கே இருக்கிறது? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில். அதன் ஸ்டார் பாயிண்ட்தான் நியூட்ரல். அதை அங்கேயே எர்த் பண்ணியிருப்பார்கள். நம் வீட்டு கீசரில் ஃபேஸ் வயர் பாடியைத் தொட்டால், கரண்ட் பச்சை வயர் வழியாக நம் எர்த் குழிக்கு, அங்கிருந்து மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்கு, அங்கிருந்து நியூட்ரலுக்கு. வட்டம் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் எர்த் குழி 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 11 ஓமால் வகுத்தால் சுமார் 21 ஆம்பியர். கீசர் லைனில் இருப்பது 16 ஆம்ப் எம்.சி.பி. இந்த அளவு ஓவர்லோடுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது விழும் என்று உத்தரவாதம் இல்லை. அதுவரை கீசர் பாடியில் எத்தனை வோல்ட் நிற்கும்? 21-ஐ 10-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 209 வோல்ட்! எர்த் இருக்கு, எம்.சி.பி.யும் இருக்கு, ஆனால் தொட்டால் ஷாக்.

அதனால்தான் ஆர்.சி.சி.பி. வந்தது. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பின கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கட். ஈரமான உடம்பின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட்டில் அது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஆக, உயிர் காப்பது எர்த் குழி தனியாக இல்லை. எர்த், நியூட்ரல், ஆர்.சி.சி.பி. மூணும் சேர்ந்த அமைப்பு.

ஜெனரேட்டருக்கு மாறின அடுத்த நொடி

இப்போது சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் தள்ளுகிறோம். சோர்ஸ் மாறிவிட்டது. கரண்ட் இனிமேல் திரும்ப வேண்டிய இடம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, கார் பார்க்கிங்கில் நிற்கும் ஆல்டர்னேட்டர். அதன் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா? மொத்த விஷயமும் இங்கேதான்.

வாடகைக்குக் கிடைக்கும் சின்ன பெட்ரோல் செட்களில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ரெண்டு வயர் வெளியே வரும், ரெண்டுமே ஃபிரேமைத் தொடாது. இதைத்தான் ஃப்ளோட்டிங் நியூட்ரல் என்கிறோம். முதலில் பார்த்தால் இது பாதுகாப்பு மாதிரி தெரியும். ஒரு வயரைத் தொட்டாலும் கரண்ட் திரும்ப வழி இல்லை, ஷாக் அடிக்காது. உண்மைதான். ஆபரேஷன் தியேட்டர்களில் தெரிந்தே இப்படி வைப்பார்கள். ஆனால் அங்கே இன்சுலேஷன் குறைகிறதா என்று ஒரு மானிட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும், முதல் ஃபால்ட்டிலேயே அலாரம் அடிக்கும். நம்ம வாடகை செட்டில் அலாரம் எங்கே?

இங்கே முதல் ஃபால்ட் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். உதாரணத்துக்கு, ஜெனரேட்டரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் வயர் தண்ணீரில் கிடக்கிறது. அதன் நியூட்ரல் கம்பியில் தோல் உரிந்து தண்ணீரைத் தொடுகிறது. எதுவும் நடக்காது. லைட் எரியும், மோட்டார் ஓடும். ஆனால் அந்த நிமிடம் முதல் அது ஃப்ளோட்டிங் இல்லை. தண்ணீரே எர்த் பண்ணிவிட்டது. இப்போது ஒருவர் ஃபேஸைத் தொட்டால் கரண்ட் உடம்பு வழியாகத் தண்ணீருக்கு வந்து, அந்த உரிந்த இடத்தில் நியூட்ரல் கம்பிக்குள் ஏறி, ஆர்.சி.சி.பி. வழியாகவே ஒழுங்காகத் திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமம். ஆர்.சி.சி.பி.க்கு அவர் ஒரு பல்பு மாதிரிதான் தெரிவார். ட்ரிப் ஆகாது.

"டெஸ்ட் பட்டன் அழுத்திப் பார்த்தேன், விழுந்துச்சே" என்பார்கள். அந்தப் பட்டன் உள்ளுக்குள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு வேண்டுமென்றே வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அதற்கு எர்த்தே தேவையில்லை. நியூட்ரல் மிதந்துகொண்டிருந்தாலும் பட்டனை அழுத்தினால் விழும். அதாவது பட்டன் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யின் மெக்கானிசத்தை மட்டும். உங்கள் எர்த்திங் சரியா என்று அது சொல்லவே சொல்லாது.

தீர்வு என்ன? நியூட்ரலை ஜெனரேட்டரிலேயே ஃபிரேமோடு சேர்த்து, அந்த ஃபிரேமை எர்த் பண்ணி, அங்கிருந்து பச்சை வயரை லோடு வரைக்கும் கொண்டுபோய், பக்கத்திலேயே ஆர்.சி.சி.பி. போடுவது. ஃபால்ட் கரண்ட் மண்ணை நம்பாமல் செப்புக் கம்பி வழியாகவே வீடு திரும்பும். ஒரு எச்சரிக்கை: இன்வெர்ட்டர் வகை சின்ன செட்களில் மேனுவல் சொல்லாமல் நியூட்ரலையும் ஃபிரேமையும் சேர்க்காதீர்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடலாம்.

அப்படிச் சேர்த்த பிறகு எம்.சி.பி. போதாதா, ஆர்.சி.சி.பி. எதற்கு? இ.பி. சோர்ஸ் பலசாலி. செப்பு வழியில் மொத்த ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும், 16 ஆம்ப் சி-டைப் எம்.சி.பி. கண் இமைக்கும் முன் விழும். அதற்குத் தேவை 80 முதல் 160 ஆம்பியர்தான். ஆனால் 2 கே.வி.ஏ. செட்டின் ரேட்டிங்கே 8.7 ஆம்பியர். ஷார்ட் ஆனால் அதன் வோல்ட்டேஜ் படுத்துவிடும். 80 ஆம்பியருக்கு அது எங்கே போகும்? பெரிய செட்டிலும் இதே கதைதான். 62.5 கே.வி.ஏ. செட்டின் ரேட்டிங் சுமார் 87 ஆம்பியர். முதல் சில சைக்கிள்கள் தாண்டினால், நல்ல எக்ஸைட்டேஷன் உள்ள ஆல்டர்னேட்டர்கூட அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 260 ஆம்பியர் அளவுதான் தாக்குப்பிடித்துக் கொடுக்கும். 63 ஆம்ப் சி-டைப் பிரேக்கர் உடனே விழ 315 முதல் 630 ஆம்பியர் வேண்டும். இ.பி.யில் ஒழுங்காக வேலை செய்த பிரேக்கர் ஜெனரேட்டரில் தூங்குவதற்கு இதுதான் காரணம்.

அப்பார்ட்மெண்ட் டீசல் செட்: நாலு குழி எதற்கு?

வேளச்சேரி–தாம்பரம் ரோட்டில் எந்த அப்பார்ட்மெண்ட்டுக்குள் போனாலும் ஜெனரேட்டர் பக்கத்தில் நாலு எர்த் குழி மூடிகளைப் பார்க்கலாம். ரெண்டு பாடிக்கு, ரெண்டு நியூட்ரலுக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் (2010-ல் வந்து 2023-ல் புதுப்பிக்கப்பட்டவை), ஐ.எஸ். 3043 எர்த்திங் கோடும் இங்கே பேசுவது ஒரே விஷயம்: நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு, பாடிக்கும் இரண்டு. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் இன்னொன்று நிற்க வேண்டும்.

ப்ரொடெக்‌ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர் பேப்பரில் நியூட்ரல் எர்த்திங் வகைகளை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். சாலிட், ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ், பீட்டர்சன் காயில். நம்ம 415 வோல்ட் செட்டில் இருப்பது சாலிட். காரணம், இங்கே நமக்கு வேண்டியது ஃபால்ட் கரண்ட் தாராளமாகப் பாய்ந்து பிரேக்கரை விழவைப்பது. 11 கே.வி. ஜெனரேட்டர்களில் அவ்வளவு கரண்ட் பாய்ந்தால் ஸ்டேட்டரே கருகும். அதனால் அங்கே நடுவில் ரெசிஸ்டர். கேள்வித்தாளில் 16 மார்க்குக்கு எழுதுகிற விஷயம் கார் பார்க்கிங்கில் நாலு மூடியாக இருக்கிறது.

நியூட்ரல் கலந்தால்...

இந்தப் பக்கம் பல அப்பார்ட்மெண்ட்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ.சி.சி.எல். என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இ.பி. போனால் அது வீட்டை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றும். ரெண்டு ஃபேன், நாலு லைட் தாண்டினால் கட் பண்ணும். ஜெனரேட்டரின் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டும் தனியாக வந்து, ரெண்டும் சேர்ந்து மாற வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு வயர்மேன் ஜங்ஷன் பாக்ஸில் கறுப்பு வயர்களை எல்லாம் ஒன்றாக முறுக்கிவிடுகிறார். இ.பி. நியூட்ரலும் ஜெனரேட்டர் நியூட்ரலும் கலந்துவிட்டது.

அடுத்த பவர் கட்டில் ஜெனரேட்டர் ஓடினதும் வீட்டு ஆர்.சி.சி.பி. டப்பென்று விழும். போன கரண்ட் ஒரு வழி, திரும்பும் கரண்ட் வேறு வழி. அது சரியாகத்தான் சொல்கிறது: இங்கே ஏதோ தப்பு. ஆனால் நாம் செய்வது? "ஜெனரேட்டரில் சும்மா சும்மா விழுது சார்" என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் பண்ணிவிடுகிறோம். எங்கள் ஏரியாவில் ஒரு அப்பார்ட்மெண்ட்டின் மெயின் போர்டில் மூன்று வீட்டு ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயர் போயிருந்ததைப் பார்த்தேன். நோயைச் சொன்ன டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட கதை. ஜெனரேட்டரில் மட்டுமா பாதுகாப்பு போனது? வருஷம் முழுக்க இ.பி.யிலும் போய்விட்டது.

விதி ஒன்றுதான், மனசில் எழுதிக்கொள்ளுங்கள். சேஞ்ச் ஓவர் நியூட்ரலையும் மாற்றினால், நியூட்ரலை ஜெனரேட்டரில் எர்த் பண்ணியே ஆக வேண்டும். நியூட்ரலை மாற்றாமல் பொதுவாக விட்டால், ரெண்டு பக்கமும் எர்த் பண்ணக்கூடாது. ரெண்டு பக்கமும் எர்த் பண்ணிப் பொதுவாகவும் விட்டால் சாதாரண நியூட்ரல் கரண்ட்டே எர்த் வயரில் பங்கு போட்டுக்கொண்டு ஓடும். ரிலேக்கள் குழம்பும். அமெரிக்க மின் கோடும் ஜெனரேட்டரை இதே இரண்டு வகையாகப் பிரித்துத்தான் பேசுகிறது. நம்ம ஊரில் நியூட்ரலைத் தனியாக எர்த் பண்ணின மூணு ஃபேஸ் டீசல் செட்டுக்கு நேர் வழி நாலு போல் சேஞ்ச் ஓவர்: மூணு ஃபேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாறும்.

நியூட்ரல் அறுந்தால் டி.வி. ஏன் வெடிக்கிறது?

நியூட்ரல் எர்த்திங் வேறு, நியூட்ரல் வயர் வேறு. இதைக் குழப்புகிறவர்கள் ஏராளம். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று மூணு ஃபேஸ் செட்டை அவசரமாக மாட்டும் இடங்களில் நியூட்ரல் வயர் லூஸாக இருந்தால் நடப்பது இது.

ஆர் ஃபேஸில் ஒரு ஹீட்டர், 23 ஓம். ஒய் ஃபேஸில் ஒரு டி.வி. செட், 230 ஓம் என்று வைப்போம். நியூட்ரல் இருக்கும்வரை ரெண்டுக்கும் 230 வோல்ட். நியூட்ரல் அறுந்ததும் ரெண்டும் சீரிஸாகி ஆர், ஒய் நடுவில் 398 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். மொத்தம் 253 ஓம், கரண்ட் 1.57 ஆம்பியர். ஹீட்டருக்கு 36 வோல்ட், டி.வி.க்கு 362 வோல்ட். பெரிய லோடு தப்பிக்கும், சின்ன லோடு கருகும். "ஜெனரேட்டர் ஹை வோல்ட்டேஜ் கொடுத்துடுச்சு" என்று ஆபரேட்டரைத் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஒரு லூஸான போல்ட். நியூட்ரல் லைனில் தனியாக ஃபியூஸோ ஒற்றை ஸ்விட்சோ போடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

லைன்மேன் உயிர்

இதுவரை பேசியது நம் வீட்டுக்குள். இது தெருவுக்கு. புயல் முடிந்ததும் வெளி மாவட்டங்களிலிருந்து கூட மின்வாரிய ஊழியர்கள் வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் சேஞ்ச் ஓவர் இல்லாமல், ரெண்டு பக்கமும் பின் உள்ள ஒரு வயரை ஜெனரேட்டரிலும் வீட்டு பிளக் பாயிண்டிலும் சொருகிவிடுகிறார். மெயின் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் கரண்ட் மீட்டர் தாண்டித் தெருவுக்குப் போகும்.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக்குகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒருவழிப் பாதை கிடையாது. கீழிருந்து 230 வோல்ட் கொடுத்தால் மேலே சுமார் 10,000 வோல்ட் வரும். பக்கத்து வீடுகளின் லோடு எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன செட்டை அமுக்கிவிடலாம் என்பது உண்மை. ஆனால் பக்கத்திலேயே லைன் அறுந்து தனியாக நின்றால் அமுக்க ஆள் இல்லை. மேலே ஏறாவிட்டாலும் கீழே 230 வோல்ட் போதும் ஒருவரைக் கொல்ல. லைன்மேன் வேலை தொடங்கும் முன் லைனில் எர்த் ராடு மாட்டுவது இந்தப் பயத்தில்தான். அவர் மறந்தாலும் நாம் மறக்கக்கூடாது. இன்டர்லாக் உள்ள சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைப்பது தப்பு. இதில் "பரவாயில்லை" என்று ஒன்று கிடையாது.

சதுப்பு நிலத்தில் எர்த் குழி

பள்ளிக்கரணைக்கு ஒரு தனி விஷயம் உண்டு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் நம் பக்கத்து வீடு. நிலத்தடி நீர் மேலேயே இருக்கும், களிமண். டிசம்பரில் எர்த் ரெசிஸ்டன்ஸ் அளந்தால் அருமையாக வரும். அந்த ரிப்போர்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டினால் ஏமாந்தோம். மே மாதம் களிமண் காய்ந்து சுருங்கி, எர்த் பைப்பை விட்டு விலகும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். அளக்க வேண்டியது வெயில் காலத்தில். எப்போதும் ஈரமான மண்ணில் ஜி.ஐ. பைப்பும், முக்கியமாக அதன் கிளாம்ப் போல்ட்டும் சீக்கிரம் அரிக்கும். குழி மூடியைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று உங்கள் அசோசியேஷனில் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளம் வந்தால் இன்னொன்று. மீட்டர் போர்டோ, ஜெனரேட்டர் பேனலோ தண்ணீரில் மூழ்கியிருந்தால் எந்த எர்த்திங்கும் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். வடிந்த பிறகும் உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. காயவைத்து, 500 வோல்ட் மெக்கர் போட்டு, இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம் வந்த பிறகுதான்.

மழைக்கு முன் கேட்க வேண்டியவை

இந்த செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போகும்போது உங்கள் அப்பார்ட்மெண்ட் எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் இதைக் கேளுங்கள்:

1. ஜெனரேட்டர் நியூட்ரல் எர்த் ஆகியிருக்கா? எந்த ரெண்டு குழி?
2. சேஞ்ச் ஓவர் நாலு போலா, மூணு போலா? வீட்டு ஏ.சி.சி.எல். நியூட்ரலையும் மாத்துதா?
3. ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்.சி.சி.பி. விழுதா? விழுந்தா பைபாஸ் பண்ணாம, நியூட்ரல் எங்க கலந்திருக்குன்னு தேடினீங்களா?
4. ஜெனரேட்டர் சப்ளையிலும் நிஜமான லீக்கேஜுக்கு ஆர்.சி.சி.பி. விழுதான்னு டெஸ்டர் வெச்சு பார்த்தாச்சா? பட்டன் மட்டும் போதாது.
5. எர்த் ரெசிஸ்டன்ஸ் கடைசியா எப்போ அளந்தீங்க, எந்த மாசம்?
6. பேனலும் செட்டும் போன வெள்ள மட்டத்துக்கு மேல இருக்கா?

அரசு அறிவித்த அளவுக்கு மேற்பட்ட செட் என்றால் ஓட்டத் தொடங்கும் முன் மின் ஆய்வாளர் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழையும் கேட்கலாம். தனி வீட்டில் சின்ன பெட்ரோல் செட் வைத்திருப்பவர்கள் எர்த்தோடு புகையையும் கவனியுங்கள். வீட்டுக்குள், ஜன்னலுக்கு அடியில், மூடிய வராண்டாவில் ஓட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

நாலு வருஷம் படித்ததில் பாதி மறந்துபோகும். ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் கிளம்பின இடத்துக்கே திரும்பும். சோர்ஸ் மாறும் ஒவ்வொரு முறையும், அது எந்த வழியாகத் திரும்பும் என்று முதலில் தேடுங்கள். அந்த வழியை நாம் செப்பில் போட்டுக் கொடுக்கவில்லை என்றால், அது யாராவது ஒருவரின் உடம்பு வழியாகப் போகும்.